ஒரே மொழியியலாளர், மூன்று எண்ணிக்கைகள்

பாம்பன் கரையின் பேச்சுத்தமிழை ஆராய்கிறவர் காற்றுப் பெயர்களைத் திரட்டி முடிக்கவே இரண்டு பருவங்கள் காத்திருக்க வேண்டும். கச்சான் என்னும் மேல்திசைக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, மீன்பிடிப்பு வடகடலுக்கு நகர்கிறது. வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவரிடம் ‘நீவாடு’ என்றால் என்னவென்று கேட்டால், ஒரு மிதவையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, நீரோட்டத்தில் அது இழுபடும் திசையைக் காட்டுவார். இப்படித் திரண்ட கட்டுரையின் தாக்கத்தைப் பதவி உயர்வுக் குழு கேட்கும்போது, ஓர் ஆய்வைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் தளங்களான வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்றும் மூன்று எண்களைத் தருகின்றன.

வெப் ஆஃப் சயின்ஸின் மூலம், யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை. கார்ஃபீல்டு 1961இல் முனைவர் பட்டம் பெற்றது மொழியியலில்தான் என்பது சுவையான முரண். ஏனெனில் அந்த அட்டவணையில் மிகவும் இளைத்துத் தெரிகிறவர்கள் இந்திய மொழிகளை ஆராயும் மொழியியலாளர்களே. தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையே முதன்மையாகக் கொள்வதால் எண் நம்பகமானது. ஆனால் தமிழில் எழுதப்படும் ஆய்வு பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதில்லை. 2004இல் எல்செவியர் தொடங்கிய ஸ்கோபஸ் சற்று விரிந்தது. நம் துறைக்கு அதனால் பெரிய மாறுதல் இல்லை.

அதே ஆண்டில் வந்த கூகுள் ஸ்காலர், நூல், ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என இணையத்தில் அகப்படுவதையெல்லாம் வாரிக்கொள்கிறது. ஒரே நூலை இரண்டு பதிவுகளாக எண்ணுவதும், வேறொருவருடைய கட்டுரையை நம் பெயரில் சேர்ப்பதும் அதன் குறைகள். ஆயினும் வட்டார வழக்கு ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களுடைய ஆய்வேடுகளைக் கணக்கில் எடுக்கும் வாய்ப்பு இதில்தான் அதிகம். ஆகவே குப்பை கலந்தாலும் கூகுள் ஸ்காலரையே நான் தேர்வேன். முதல் இரண்டிலும் விடுபட்டதை மீட்க வழியில்லை, இதில் மிகுந்ததை நாமே நீக்கிவிடலாம்.

எச்-குறியீட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு இது: குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற படைப்புகள் பத்து இருந்தால் குறியீடு பத்து. பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் என்னும் ஊரில் கடற்பாசியை ஆராயும் உயிரியலாளர், ஆறேழு பேரோடு சேர்ந்து ஆண்டுக்குச் சில கட்டுரைகள் எழுத முடியும். அதே பாசியை எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பிரித்தழைக்கும் முறையை ஆராயும் மொழியியலாளர் தனியாக உழைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒரு நூல் எழுதுவார். இரண்டே நூல்கள் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய குறியீடு இரண்டுதான். மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இந்தக் கணக்கில் ஒரே ஓர் உருப்படி. போதாக்குறைக்கு, அதைச் சுருக்கக் குறியும் பதிவெண்ணுமாக மட்டும் சுட்டிச் செல்லும் இடங்கள் எந்தத் தளத்தின் எண்ணிக்கையிலும் ஏறுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையும் நூலின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாத இந்த மனப்பான்மையிலிருந்து விலகியதன்று. மொழித்துறையில் ஆய்விதழ்க் கட்டுரைக்குப் பத்துப் புள்ளி, தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிடும் நூலுக்கும் அதே பத்துப் புள்ளி. அந்த நிலையில் கட்டுரையை விட்டு நூலில் இறங்குகிறவரைத் துணிச்சல்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனவே விண்ணப்பத்தில் எச்-குறியீட்டுக்குப் பதிலாக, இரட்டைப் பதிவுகளை நீக்கிய மொத்த மேற்கோள் எண்ணிக்கையை, எடுத்த தேதியோடு கொடுப்பதும், தம் ஆய்வை உண்மையிலேயே பயன்படுத்திய மூன்று நான்கு படைப்புகளைப் பக்க எண்ணுடன் சுட்டுவதும் மேல். அதற்கு முன் பெயரை ஒழுங்குபடுத்த வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை ஓர் இதழ் முன்னும் மற்றோர் இதழ் பின்னும் அச்சிட, பெயரிலுள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுத, ஒரே ஆய்வாளர் இருவராகப் பிரிந்து, மேற்கோள்களும் ஆளுக்குப் பாதியாகிவிடுகின்றன.