வாக் ஸ்கோர்: ஹட்சனில் கால், மிடில்செக்ஸில் கார்

வீடு மாறும்போதெல்லாம் வாக் ஸ்கோர் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஓர் இடத்தில் அன்றாட வேலைகளை நடந்தே முடிக்க முடியுமா என்பதற்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். கடை, பூங்கா, பள்ளி எல்லாம் 5 நிமிட நடையில் இருந்தால் முழுப் புள்ளி. தூரம் கூடக் கூடக் குறையும்; 30 நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. 50-க்குக் கீழே என்றால் கார் இல்லாமல் பிழைப்பு ஓடாது.

நியூ ஜெர்சியின் ஹட்சன் கவுண்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் இருந்தபோது, நூவர்க் அவென்யூ போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவதற்குள் அடுப்பில் பருப்புகூடக் குழையாது. (பேச்சுக்குச் சொன்னேன், அடுப்பை எரியவிட்டுப் போகாதீர்கள்.) நியூயார்க் போகும் பாத் ரயிலும் பக்கத்திலேயே.

இப்போது அதே மாநிலத்தின் மிடில்செக்ஸ் கவுண்டியில், எடிசன் ஊரில் இருக்கிறேன். ஓக் ட்ரீ சாலையில் கிடைக்காத மளிகை இல்லை, ஆனால் போய்வரக் கார் சாவி வேண்டும். நூலகம் 18 நிமிட நடைதான். பாதி வழியில் நடைபாதை முடிந்து புல் தொடங்குகிறது. ஜனவரியில் ஒதுக்கிய பனியெல்லாம் அந்தப் புல்மேல்தான். மகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஒருமுறை கிளம்பி, சக்கரம் புதைந்து, திரும்பிவிட்டேன். காரில் 4 நிமிடம்.

நடைபாதை பாதியில் முடிவது தளத்தின் குற்றமில்லை. ஆனால் வாடகை வீடு தேடுபவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு, கூகுள் மேப்ஸின் தெருக்காட்சியில் நடைபாதை எதுவரை போகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.