லூஸில் விற்கிற கூவர்ச்சர் சாக்லேட்டை நம்பி வாங்காதீர்கள்

போன ஞாயிறு அப்பாவுக்கு எழுபது வயது முடிந்தது. கடைக் கேக் என்றாலே அவர் ஒரு வாயோடு நிறுத்திவிடுவார். "நாக்குல டால்டா ஒட்டுது" என்பார். அதனால் நானே சாக்லேட் கேக் செய்து, மேலே பளபளவென்று கனாஷ் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கனாஷ் என்றால் சாக்லேட்டும் க்ரீமும்தான். சாக்லேட் சரியில்லை என்றால் மறைக்க வழியே கிடையாது. அதனால் விலை பார்க்காமல், பேக்கிங் சாமான் விற்கிற ஒரு கடையில் "டார்க் கூவர்ச்சர், 55%" என்று கேட்டு வாங்கினேன். அதாவது 55% கோகோ உள்ள, கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெய் நிறைந்த அசல் சாக்லேட். கிலோ 1,150 ரூபாய். பெரிய கட்டியிலிருந்து உடைத்து ஜிப் கவரில் போட்டு, கடைக்காரரே அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்.

கேக் அருமையாக வந்தது. மாவில் வெந்நீருக்குப் பதில் சூடான டிகாஷன் விட்டிருந்தேன். வீடெல்லாம் கோகோ வாசனை. ஆறியதும் 200 மில்லி க்ரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 200 கிராம் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கினேன். ஊற்றும்போது சரியாகத்தான் இருந்தது. இறுகியதும் பளபளப்பு செத்து, மெழுகு பூசின மாதிரி ஆகிவிட்டது. வாயில் கரையாமல் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் முழுத் துண்டையும் சாப்பிட்டார். அப்புறம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டார்.

மறுநாள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கட்டி வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் காட்டினார்கள். "டார்க் காம்பவுண்ட்" என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது! அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்தது. சேர்மானப் பட்டியலில் முதலில் சர்க்கரை, அடுத்தது ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு. கோகோ வெண்ணெய் பட்டியலிலேயே இல்லை. "எல்லாரும் இதைத்தாம்மா வாங்கறாங்க, நீங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பீங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பில்லைப் பார்த்தால் "சாக்லேட் 1 கிலோ" என்று மட்டும் போட்டிருக்கிறது.

காம்பவுண்ட் கெட்ட பொருள் இல்லை. டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைக் குறிப்பிட்ட சூட்டுக்கு ஆற்றிப் பக்குவப்படுத்துவது) பண்ணாமலே இறுகும், விலையும் குறைவு, அச்சில் ஊற்றிச் சாக்லேட் செய்கிறவர்களுக்கு வசதி. ஆனால் அதைக் காம்பவுண்ட் என்று சொல்லி, அதன் விலைக்கு விற்க வேண்டும். சர்வதேச உணவுத் தரப்படி, கூவர்ச்சர் என்றால் குறைந்தது 31% கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும். கோகோ வெண்ணெய் உருகுவது கிட்டத்தட்ட 34 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். நான் வாங்கியதில் ஒரு துண்டை உள்ளங்கையில் மூடி வைத்துப் பார்த்தேன். விரலில் பிசுபிசுப்புதான் வந்தது, துண்டு அப்படியே இருந்தது.

தயவுசெய்து கம்பெனி சீல் உடையாத பாக்கெட்டாக வாங்குங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானது முதலில் வருகிற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோகோ வெண்ணெய் எங்கே வருகிறது என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் கவரில் அந்த எண்ணே இல்லை. பில்லில் பொருளின் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். நான் அதை விட்டதால்தான் கடையில் என் பேச்சு எடுபடவில்லை.

நேற்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மீதி 800 கிராமை ஸ்டிக்கரோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.