கழுத்துல மாட்டுற ஃபேன்: மெனோபாஸ் அனலுக்கும் படபடப்புக்கும் எவ்ளோ உதவுது?

மொதல்லயே சொல்லிடறேன், மாதவிடாய் நிக்கிற வயசுல வர்ற மெனோபாஸ் அனலுக்கு இந்த கழுத்து ஃபேன் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் வாங்கலாம்ங்கறதுதான், ஆனா அது எதுக்கு உதவும் எதுக்கு உதவாதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. இத மாட்டிக்கிட்டா ஹாட் ஃப்ளஷ், அதாவது அந்த அனல், வர்றது குறைஞ்சிடும்னு நெனச்சா, குறையாது. அது வர்றப்ப வரும் பாருங்க ஒரு பயம், நெஞ்சு அடிச்சுக்கிட்டு கை நடுங்கி "எனக்கு என்னமோ ஆகப்போகுது"ன்னு ஓடும் பாருங்க, அத தாண்டுறதுக்கு நல்லாவே உதவுது. அந்த பயம் என்னை ஆட்டி வெச்சிருச்சு, அதனாலதான் ஒரு சின்ன ஃபேனுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்.

கம்பெனி பேர் போடல, ஏன்னா ஒரே சாமான பல பேர்ல விக்குறாங்க. பாத்தா கழுத்துல தொங்கவிட்ட ஹெட்ஃபோன் மாதிரிதான் இருக்கு, வெளிய சுத்துற எலை கிடையாது, ரெண்டு பக்கமும் சின்ன சின்ன ஓட்டை வழியா காத்து மேல பாத்து தாடைக்கும் காதுக்கும் அடிக்குது. மூணு ஸ்பீடு, சி டைப் சார்ஜர், வெலை ஆயிரம் ரூவாய ஒட்டி.

நான் திருச்சியில ஒரு பேங்க்ல கேஷ் கவுன்ட்டர்ல இருக்கேன், வயசு 48. பீரியட்ஸ் ரெண்டு மாசம் வரும் மூணு மாசம் வராதுன்னு ஆனதுக்கு அப்பறம்தான் இந்த அனல் ஆரம்பிச்சுது. நெஞ்சுக்குள்ள இருந்து கெளம்பி கழுத்து, காது, மொகம்னு ஏறும், தலைமுடிக்குள்ள வேர்வை ஊத்தும், அது அடங்கினதும் குளுரும். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு சராசரியா 46, 47 வயசுலயே மாதவிடாய் நின்னுடுது, அதுக்கு சில வருஷம் முன்னாடியே இது தலைகாட்டும். எங்கம்மா "உனக்கு சூட்டு உடம்புடி, சனிக்கெழம எண்ணெ தேச்சு குளி"ன்னாங்க, பக்கத்து சீட்டு பொண்ணு "அக்கா, எதுக்கும் பிபி பாத்துடுங்க"ன்னா. ரெண்டு பேரும் அக்கறையாதான் சொன்னாங்க, ஆனா அனல் ஏறுறதுக்கு சில நொடி முன்னாடியே காரணமே இல்லாம ஒரு திகில் வருதே, அது என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

அப்பறம் டாக்டரம்மா வெளக்கமா சொன்னாங்க. மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு எடம்தான் உடம்பு சூட்ட ஒரே அளவுல வெச்சுக்குது, ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் கொறையறப்ப அதுக்கு பொறுமை போயிடுது, முன்னாடி கண்டுக்காம விட்ட துளி சூட்டுக்குக் கூட இப்ப "ஐயோ ரொம்ப சூடு"ன்னு முடிவு பண்ணி ரத்தத்த தோலுக்குத் தள்ளி வேர்வைய தெறந்து விட்டுடுது, நெஞ்சுத்துடிப்பும் கூடிடுது. அந்த படபடப்ப நாம "ஹார்ட் அட்டாக்கோ"ன்னு எடுத்துக்கிட்டா பயத்துல அட்ரினலின் ஏறும், அதுல இன்னும் வேர்க்கும், இன்னும் படபடக்கும், இப்படி ஒண்ண ஒண்ணு ஏத்தி விட்டுக்கிட்டே போகும். அனல் தானா இருந்தா பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும், பயம் சேந்துடுச்சுன்னா அன்னிக்கு அரை நாளே போச்சு.

சரி, ஃபேனுக்கு வர்றேன். கவுன்ட்டர்ல இது அருமை. கேஷ்ல ஒக்காந்தவங்களுக்கு தெரியும், டேபிள் ஃபேன தெருப்பி வெச்சா நோட்டு பறக்கும் வவுச்சர் பறக்கும், கையில புடிக்கிற மினி ஃபேன்னா நோட்டு எண்ண கை வேணுமே. இது மேல பாத்து மட்டும் அடிக்கிறதால ஐநூறு ரூவா கட்டு அசையாம அப்படியே கெடக்கு, எனக்கு மட்டும் தாடைக்கடியில ஜிலுஜிலுன்னு இருக்கு. ரெண்டாவது ஸ்பீடு வரைக்கும் சத்தம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கேக்காது, மூணுல வெச்சா ங்ஙொய்னு இரையுது, கஸ்டமர் அக்கவுன்ட் நம்பர் சொல்றதே காதுல விழாது. முன்னாடி அனல் வந்தா கேஷ மூடி பூட்டிட்டு பாத்ரூம் ஓடுவேன், க்யூல நிக்குறவங்க மொணகுவாங்க, அந்த மொணகல் இன்னும் படபடப்பாக்கும். இப்ப ஒக்காந்த எடத்துலயே பட்டன அமுக்கிட்டு ஒரு கட்ட எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது போயிடுது.

அனல் எறங்குறப்ப ஸ்பீட கொறைக்கணும், இது ரொம்ப முக்கியம். வேர்த்த கழுத்துல மூணாவது ஸ்பீடுலயே அடிச்சுக்கிட்டிருந்தா பின்னாடி வர்ற குளுர் பல்லு கிட்டுற அளவுக்கு போகுது. வேர்வை நின்ன ஒடனே ஒண்ணுக்கு வந்துடுங்க, இல்ல நிறுத்திடுங்க.

பஸ்ல கதையே வேற. சித்திரை கத்திரி வெயில்ல மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இத போட்டா மொகத்துல அடுப்பு காத்துதான் அடிக்குது, ஏன்னா இது காத்த குளுராக்குற சாமான் இல்ல, இருக்குற காத்த தள்ளுற சாமான். 40 டிகிரிக்கு மேல போனா ஃபேன் காத்து உடம்ப இன்னும் சூடாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதுக்கு கீழ இருக்குற நாள்ல ஒரு காட்டன் கர்ச்சீப்ப நனைச்சு புழிஞ்சு கழுத்துல சுத்தி அதுக்கு மேல ஃபேன மாட்டினா ஈரம் காயக் காய ஜில்லுன்னு இருக்கு, அது ஒண்ணுதான் வெயிலுக்கு வழி. பின்கழுத்துல ஜில்லுன்னு ஒரு தகடு வெச்ச மாடலும் இருக்கு, வெலை கூட, தகட்ட ஓட விட்டா சார்ஜ் கடகடன்னு எறங்குது. தோழி ஒருத்தி வெச்சிருக்கா, அவளுக்கு பிடிச்சிருக்கு, எனக்கு சாதா மாடலே போதும்.

ராத்திரிக்கு இது வேணவே வேணாம். கழுத்துல மாட்டிக்கிட்டு படுக்க முடியாது, லித்தியம் பேட்டரி சாமான தலகாணிக்கடியில வெச்சு தூங்கவும் கூடாது. ராத்திரி மூணு மணிக்கு நைட்டி தொப்பலா நனைஞ்சு எழுந்திரிக்கிறவங்களுக்கு நைலான் கலக்காத காட்டன் நைட்டி, கட்டில் பக்கம் டேபிள் ஃபேன், மாத்திக்க ஒண்ணு தலமாட்டுல, இதுதான் சரி.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வர்றேன். குளுர்ச்சி பண்ணிக்கிறதால ஹாட் ஃப்ளஷ் குறையும்ங்கறதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு வட அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டி 2023லயே சொல்லிடுச்சு, யோகா, மூச்சுப் பயிற்சி, சோயா மாத்திரை எல்லாத்தையும் கூட அதே லிஸ்ட்லதான் வெச்சாங்க. ஹார்மோன் இல்லாத வழியில அவங்க பரிந்துரைச்சதுல ஒண்ணு சிபிடின்னு சொல்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தக் கத்துத் தர்ற கவுன்சிலிங். லண்டன் கிங்ஸ் காலேஜ்ல மைரா ஹன்டர்னு ஒரு பேராசிரியை மெனோபாஸுக்குன்னே இத வடிவமைச்சு சோதிச்சாங்க, அதுல என்ன வந்துச்சுன்னா, அனல் வர்ற எண்ணிக்கை பெருசா குறையல, ஆனா அதனால படுற அவஸ்தை நல்லா குறைஞ்சுது. இத கேட்டப்பதான் எனக்கு தெளிவாச்சு, என் ஃபேனும் ஏறக்குறைய அந்த வேலையத்தான் செய்யுது, ஆனா பாதி வேலை, மீதி பாதி மனசுலதான் நடக்கணும்.

அதனால கவுன்சிலர் ஒருத்தர்கிட்ட போனேன், போனதுல நான் வெச்சுக்கிட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, அனல் ஏறுறப்ப மனசுல ஓடுற வாக்கியத்த மாத்துறது. "எல்லாரும் என் மொகத்தையே பாக்குறாங்க, நான் மயங்கி விழப்போறேன்"னு ஓடும், அந்த எடத்துல "இது ஹாட் ஃப்ளஷ், எனக்கு தெரிஞ்சதுதான், வந்த மாதிரியே போயிடும்"னு வாய்க்குள்ள சொல்லணும். மூச்ச வயித்துக்குள்ள மெதுவா இழுத்து அதவிட மெதுவா விடணும். அந்த சொசைட்டி சொன்ன மாதிரி மூச்சு அனல குறைக்காதுதான், ஆனா பயத்த எறக்குது, அது எனக்கு உறுதியா தெரியுது. ஃபேன் பட்டன அமுக்குறதையே நான் இதுக்கு அடையாளமா வெச்சுக்கிட்டேன், பட்டன் அமுக்கினா தோள எறக்கணும், மூச்ச விடணும்.

ரெண்டாவது விஷயம் நான் எதிர்பாக்காதது. ஃபேன் இல்லாம வெளிய போகவே முடியாதுன்னு ஆச்சுன்னா அதுவும் பயத்துக்கு தீனிதான்னாங்க. சார்ஜ் போச்சுன்னா என்ன ஆகும், வீட்ல மறந்துட்டா என்ன ஆகும்னு அதுக்கே ஒரு படபடப்பு வந்துடுமாம். அதனால எப்பவாவது வேணும்னே பையிலயே வெச்சிட்டு, ஃபேன் இல்லாம ஒரு அனல தாண்டிப் பாருங்கன்னாங்க. என்.எஸ்.பி. ரோட்ல தீபாவளி ஜவுளிக் கூட்டத்துல அப்படி ஒண்ணு வந்துச்சு, வெளிய ஓடணும்னு காலு பரபரத்துச்சு, ஓடல, கடைக்குள்ளயே நின்னு பொடவை பார்டர்ல இருந்த பூவ வரிசையா பாத்துக்கிட்டே மெதுவா மூச்ச விட்டேன், வந்துச்சு, ஏறுச்சு, போச்சு. இந்த ஃபேன் வாங்குற எல்லார்கிட்டயும் நான் சொல்றது இதத்தான், கூட வெச்சுக்கோங்க, ஆனா அப்பப்ப அது இல்லாமலும் நில்லுங்க.

தயவு செஞ்சு ஃபேன வாங்கிட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. தைராய்டு கூடுனாலும் இதே மாதிரி வேர்க்கும், படபடக்கும், ரத்தசோகையிலயும் நெஞ்சு அடிச்சுக்கும், அதனால எனக்கு தைராய்டு, ஹீமோகுளோபின், ஈசிஜி மூணும் பாத்துட்டுதான் இது மெனோபாஸ்னே சொன்னாங்க. நடக்குறப்ப நெஞ்சு அழுத்துது, வலி தாடைக்கோ கைக்கோ போகுது, மூச்சு வாங்குதுன்னா அத ஹாட் ஃப்ளஷ்னு நெனச்சு பட்டன அமுக்கிட்டு ஒக்காரக் கூடாது, ஒடனே ஆஸ்பத்திரிக்கு போகணும். ஒரு வருஷம் பீரியட்ஸ் நின்னதுக்கப்பறம் திரும்ப ரத்தம் பட்டாலும் காட்டியே ஆகணும்.

ஹார்மோன் மாத்திரைன்னாலே கேன்சர்னு நாம பயந்து கெடக்கோம், 2002ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு அப்பறம் உலகம் முழுக்க பரவின பயம் அது. இப்ப 60 வயசுக்கு கீழ, இல்ல பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள இருக்கறவங்கள்ல, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு மாதிரி பிரச்சனை இல்லாத பல பேருக்கு நன்மைதான் அதிகம்னு டாக்டருங்க சொல்றாங்க, அனலுக்கு அத மாதிரி வேலை செய்யிறது வேற இல்லன்னும் சொல்றாங்க. எடுக்கலாமா வேணாமான்னு உங்க ஒடம்ப பாத்த டாக்டர் சொல்லட்டும், நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அமெரிக்கப் பொம்பளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுல இந்த அனல் பாதிப்பேருக்கு 7 வருஷத்துக்கு மேல நீடிச்சிருக்கு, இத ரெண்டு மாசத்துல போயிடும்னு பல்ல கடிச்சுக்கிட்டு இருக்க வேணாம்னுதான் சொல்றேன்.

நடுராத்திரியில யார்கிட்டயும் சொல்ல முடியாம பயம் அடிச்சா 14416க்கு போன் பண்ணுங்க, 2022ல ஆரம்பிச்ச அரசாங்கத்து மனநல ஹெல்ப்லைன், டெலி மானஸ்னு பேரு, காசு கெடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். வீட்டுக்காரர எழுப்பி "என்னங்க, பயமா இருக்கு"ன்னு சொல்றதுலயும் ஒரு தப்பும் இல்ல, எங்க வீட்ல அவரு ஒண்ணும் பேசாம எழுந்து போய் சொம்புல தண்ணி கொண்டாந்து வெப்பாரு, அதுவே பாதி பயத்த எறக்கிடும்.

இனி வாங்குறவங்களுக்கு. பின்னல் போடுறவங்க பின்னல முன்பக்கம் எடுத்துப் போட்டுட்டு மாட்டுங்க, சின்ன முடி ஓட்டைக்குள்ள இழுபடுது, அதனால எலை வெளிய தெரியற மாடல் பக்கமே போகாதீங்க. தாலிச் செயின் ஃபேனுக்கு அடியில மாட்டிக்கிட்டு கழுத்த உறுத்தும், செயின பொடவைக்குள்ள விட்டுட்டு மாட்டினா சரியாயிடும். மல்லிப்பூ வெச்சா மத்தியானத்துக்குள்ள காஞ்சு போகுது, அதுக்கு வழி கெடையாது. எடை கூடின மாடல்ல சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும், கால் கிலோவுக்கு மேல இருந்தா யோசிங்க. ரெண்டாவது ஸ்பீடுல என்னுது ஆபீஸ் நேரம் முழுக்க தாங்குது, ஏன்னா அனல் வர்றப்ப மட்டும்தான் போடுறேன், தொடர்ந்து ஓட விட்டா தாங்காது. வெயில்ல நிக்கிற கார்லயோ ஸ்கூட்டி டிக்கியிலயோ போட்டு வெக்காதீங்க, பேட்டரி உப்பிடும். ரிட்டர்ன் பண்ற நாளுக்குள்ள வீட்ல பொடவை கட்டி, பின்னல் போட்டு, செயினோட மாட்டிப் பாத்துட்டு அப்பறமா டப்பாவ தூக்கிப் போடுங்க.