ஏர் ரைபிளுக்கு வாங்கியதும் ஓசூர் பட்டறையில் செய்ததும்

ஓசூரில் குடியிருந்துகொண்டு ஒரு இரும்புப் பெட்டியை ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கினால், கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிப்காட்டைச் சுற்றித் தெருவுக்குத் தெரு லேத்தும் மில்லிங்கும் வெல்டிங் பட்டறையும் இருக்கிற ஊர் இது. நானும் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களுக்கு அளவு பார்க்கிறவன்தான், அந்தத் திமிர் எனக்கும் உண்டு. அப்படியும் என் ஏர் ரைபிளுக்கான சாமான்களில் பாதியைக் கடையில்தான் வாங்கியிருக்கிறேன். குண்டு போய் விழுகிற பக்கம் இருப்பதைச் செய்துகொள்ளலாம், துப்பாக்கியோடு ஒட்டி இருப்பதை வாங்கிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

துப்பாக்கி சாதாரண 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிள், அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டை விரட்டுகிற வகை. மத்திகிரி பக்கம் வீடு, பின்னால் நீளமான காலி இடம், கடைசியில் ஆளுயரத்துக்கு மேல் சுவர். 10 மீட்டர் தூரத்தில் தாள் இலக்கு, அவ்வளவுதான். குரங்கு, மயில், புறா விரட்டுகிற யோசனையோடு படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் குண்டு பிடிக்கும் பெட்டி. ஆன்லைனில் வாங்கியது பெயின்ட் எல்லாம் பளபளவென்று இருந்தது. தகடு 1 மி.மீ.தான், அதையும் பின்பக்கம் நேராக நிறுத்திவிட்டிருந்தார்கள். நேர்த் தகட்டில் அடித்தால் ஈயம் சிதறி முன்பக்கமாகவே திரும்பி வரும். சில வாரங்களில் நடுவில் குழி விழுந்துவிட்டது. குழி விழுந்த தகடு குண்டை எந்தப் பக்கம் திருப்பும் என்று சொல்லவே முடியாது. அதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, பாகலூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

அங்கே செய்தது 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகடு. 18 செ.மீ. வாய், உள்ளே 45 டிகிரியில் சாய்தகடு. சாய்வு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். தகட்டின் மேல் விளிம்பு சுடுகிறவர் பக்கம் வர வேண்டும், கீழ் விளிம்பு பின்னால் போக வேண்டும். அப்போதுதான் குண்டு பட்டதும் நேராகக் கீழே தட்டில் விழும். வாய் 18 என்றால் சாய்தகடு 25.5 செ.மீ. நீளம் வேண்டும். பட்டறைக்காரர் 20 போதும் என்றார், தாளில் வரைந்து காட்டியதும் ஒத்துக்கொண்டார். வெட்டு மீதித் தகடு, வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். ஆன்லைன் பெட்டி 1,800.

ஒரு குறை உண்டு, சத்தம். துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெட்டிச் சத்தம் பெரிது. பக்கத்து வீட்டு அம்மா "என்ன சார், கோயில் மணியா?" என்று கேட்டுவிட்டார். ஜல்லி கிரஷரில் தேய்ந்து கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் நம் மாவட்டத்தில் சுலபமாகக் கிடைக்கும். அதில் ஒரு துண்டு வெட்டிச் சாய்தகட்டின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கினேன். இப்போது 'டொக்' என்பதோடு சரி. தட்டில் சேரும் ஈயத்தை வெறும் கையால் அள்ள வேண்டாம். அள்ளினால் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் கை வைக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஈயத்தூள் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

அடுத்தது மேசை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் ஓரத்துண்டு கேட்டால் கொடுக்கிறார்கள். 2 அடிக்கு 3 அடி, 20 மி.மீ. கனம், ஏறக்குறைய 30 கிலோ. செங்கல் கட்டி மேலே உட்கார வைத்தால் அசைய மாட்டேன் என்கிறது. எந்தக் கடை மேசையும் இதற்குப் பக்கத்தில் வராது.

துப்பாக்கியைத் தாங்கும் பைக்குப் பழைய ஜீன்ஸ் காலைத் தையல்காரரிடம் கொடுத்து மூட்டினேன். உள்ளே கேழ்வரகு. மணலைவிட எடை குறைவு, மணி உருண்டை என்பதால் அழுத்தினால் அச்சாகப் பதிகிறது, லேசில் பூச்சியும் பிடிக்காது. "களி கிண்ட வைத்திருந்ததா அது?" என்று வீட்டில் கேட்டார்கள். ஈயம் தொட்ட கையால் புரட்டுகிற பை, இனி அது களிக்கு ஆகாது. ஆனால் ஸ்பிரிங் ரைபிளை நேராகப் பை மேல் வைத்துச் சுட்டால் குண்டு இடம் மாறும். பை மேல் உள்ளங்கை, உள்ளங்கை மேல் துப்பாக்கி, பிடி இறுக்காமல். அப்படித்தான் தாளில் குண்டுகள் ஒரே இடத்தில் சேர்கின்றன.

இனி செய்யக் கூடாதவை. குறிபார்க்கும் தொலைநோக்கியை (ஸ்கோப்) துப்பாக்கி மேல் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டை நானே வரைந்து, துப்பாக்கி மேலுள்ள சாய்விளிம்புத் தடத்தில் (11 மி.மீ. டவ்டெயில்) பொருந்தும்படி மில்லிங்கில் வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டதும் விட்டுவிட்டேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி, அதில் ஒன்று 0.1 மி.மீ. ஏறி நின்றால் 10 மீட்டரில் 10 மி.மீ. தள்ளிப் போகும். போட்டித் தாளில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு. ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் டரட்டைத் திருகிச் சரிசெய்யலாம்தான். ஆனால் வளையம் இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் 25.4 மி.மீ. ஸ்கோப் குழாய் வளைந்து நிற்கும், அதை எந்தத் திருகும் திருத்தாது. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னால் வெட்டி இழுக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். அதனால் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட்டாக வாங்கினேன், 1,600 ரூபாய். இதுவரை அசையவில்லை.

நண்பர் ஒருவர் பி.சி.பி. ரைபிள், அதாவது முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்றை நிரப்பிவைத்துச் சுடுகிற வகை, வைத்திருக்கிறார். காற்று நிரப்பும் கனெக்டரைப் பித்தளையில் கடைந்துகொள்ளலாமா என்று கேட்டார். உள்ளே 200 பார், அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 200 கிலோ. எந்தக் கம்பியில் கடைந்தது என்றே தெரியாத ஒன்றை முகத்துக்கு நேரே வைத்து பம்ப் அடிப்பதா? வாங்குங்கள் என்றேன். அதோடு, உள்ளே தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள் என்றும் சொன்னேன். அந்த அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். சிலிக்கான் எண்ணெய்தான்.

பட்டறையில் 'துப்பாக்கி' என்று சொல்லாமல் வேலை வாங்கப் பார்க்காதீர்கள். காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீஸ் பறிமுதல் செய்கிற செய்தி அடிக்கடி வருகிற மாவட்டங்கள் இவை. நான் போகிற லேத்காரர் முதல் நாளே, "சார், பெட்டி, ஸ்டாண்டு, தட்டு எது வேணும்னாலும் தரேன். குழல் முனையில மாட்டுறது, ஸ்பிரிங்க ஏத்துறது ரெண்டும் எங்கிட்ட வேண்டாம்" என்றார். சரியான பேச்சு. ஸ்பிரிங்கை ஏற்றினால் குண்டின் வேகம் கூடும்; குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனால் ஏர் ரைபிளுக்கும் உரிமம் வேண்டும். வரைபடமும் அளவும் கையில் கொண்டுபோனால் மற்றதை இரண்டு மூன்று நாளில் முடித்துத் தருகிறார். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குக் கம்பெனி வேலை குவிந்திருக்கும்.