ஸ்டார்டியூ வேலி: தோட்டம் போடவும் கடிகாரம் பார்க்க வேண்டும்

காலை 6 மணிக்குக் கண் விழித்தால் பின்னிரவு 2 மணிக்குள் படுக்கைக்கு வந்துவிட வேண்டும். இடையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, ஊருக்குப் போய் விதை வாங்கி, சுரங்கத்தில் இறங்கி, மீன் பிடித்து, இரண்டு பேரிடமாவது நலம் விசாரித்துவிட்டுத் திரும்ப வேண்டும். விளையாட்டுக்குள் 10 நிமிடம் என்பது நமக்குச் சுமார் 7 நொடி. ஒரு முழு நாள் 14 நிமிடத்தில் ஓடிவிடும். ‘ஸ்டார்டியூ வேலி’யை நிம்மதியான கிராமத்து கேம் என்று சிபாரிசு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. கம்பெனி வேலை வெறுத்துப்போய்த் தாத்தாவின் நிலத்துக்கு ஓடிவரும் ஆள்தான் நாயகர். ஓடிவந்த இடத்திலும் அவருக்கு டைம்டேபிள்தான் காத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் முதல் சீசன் கசக்காது. தெரியாமல் போகிறவர்களில் பலர் ஒரு வாரத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நல்லதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உட்கார்ந்து படம், இசை, வசனம், நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரி 26 அன்று கணினிக்கு வெளியிட்டார். பிறகு வந்த அப்டேட்டுகள் எல்லாமே இலவசம். 1.6 பதிப்பு 2024 மார்ச்சில் கணினிக்கும் அதே ஆண்டு நவம்பரில் கன்சோல், மொபைலுக்கும் வந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் அவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, வைரம் வாங்கச் சொல்லி நச்சரிப்பும் கிடையாது.

வழக்கமான பண்ணையைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்தில் கையில் இருப்பது 500 ஜி (இந்த ஊர்க் காசு), 15 பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கு) விதை, 12 பொருள் மட்டும் பிடிக்கும் பை, 270 அளவுள்ள தெம்பு. புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நிலம் முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்புவது. கோடாலி, மண்வெட்டி, பூவாளி எதை வீசினாலும் ஒரு வீச்சுக்கு 2 தெம்பு போகும். நண்பகலுக்குள் ஆள் சோர்ந்துவிடுவார், மிச்ச நாள் வீண். வீட்டு வாசலில் 20, 30 கட்டம் திருத்தினால் போதும். இரண்டாவது தவறு காக்கை. 15 செடிவரை அவை எட்டிப் பார்ப்பதில்லை. 16 ஆனதும் வரத் தொடங்கும். விவசாயத் திறன் 1ஆம் நிலைக்கு வந்ததும் 50 மரம், 1 கரி, 20 நார் சேர்த்துச் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றைச் செய்து நட்டுவிடவும். சுற்றிலும் 8 கட்டம் வரை காவல் காக்கும்.

பார்ஸ்னிப் விதை 20 ஜி, நான்கு நாளில் விளைந்து 35க்கு விற்கும். வயிற்றைக் கழுவ அது போதும். பணம் இருப்பது ஸ்ட்ராபெர்ரியில். வசந்தம் 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் மட்டும் விதை 100 ஜிக்குக் கிடைக்கும். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு காசு சேர்த்துக்கொண்டு போகவும். விழா முடிந்து வீடு திரும்பும்போது இரவு 10 மணி. களைப்பாக இருக்கிறதென்று படுத்துவிடாமல் அன்றிரவே நட்டுத் தண்ணீர் ஊற்றினால் 21ஆம் தேதி ஒன்று, 25ஆம் தேதி ஒன்று என இரண்டு பறிப்பு கிடைக்கும், ஒரு பழம் 120 ஜி. ஒரு நாள் தவறினாலும் இரண்டு பறிப்பு வரும், இரண்டு நாள் தவறினாலும் வரும். ஆனால் நடுவில் ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் அந்த நாள் வளர்ச்சி நின்றுபோகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சீசனுக்கு 28 நாள்தான். மாறும் காலையில் அந்த சீசனுக்கு உரிய செடிகள் அத்தனையும் கருகி நிற்கும். 12 நாள் எடுக்கும் காலிஃபிளவரை 16ஆம் தேதிக்குப் பிறகு நடுவது காசை மண்ணில் புதைப்பது.

இனி பூவாளி. இந்த கேமின் எரிச்சல், சுகம் இரண்டுக்கும் அதுதான் அளவுகோல். ஆரம்பப் பூவாளியில் ஒருமுறை நிரப்பினால் 40 கட்டத்துக்கு ஊற்றலாம். 96 செடி இருந்தால் தினமும் 192 தெம்பு தண்ணீருக்கே போகும், இடையில் இரண்டு முறை குளத்துக்கும் நடக்க வேண்டும். கொல்லர் க்ளிண்டிடம் 2,000 ஜியும் 5 செம்புக் கட்டியும் கொடுத்தால் ஒரே வீச்சில் மூன்று கட்டம் நனைக்கும் பூவாளியாக்கித் தருவார். ஆனால் இரண்டு நாள் அவரிடம் இருக்கும், அதுவரை செடி காயும். தப்பிக்க வழி வீட்டு டிவியில் இருக்கிறது. நாளை மழை என்று சொன்னால் இன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டு 4 மணிக்குள் கடையில் கொடுக்கவும். நாளை மழை பார்த்துக்கொள்ளும், மறுநாள் 9 மணிக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையான விடுதலை 8 கட்டத்தை நனைக்கும் தரமான ஸ்ப்ரிங்க்ளர். விவசாயத் திறன் 6 வர வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ். தங்கத் தாது சுரங்கத்தில் 80ஆம் தளத்துக்குக் கீழேதான் தாராளமாகக் கிடைக்கும். 5 தாதுவும் 1 கரியும் உலையில் போட்டால் ஒரு கட்டி. ஆக 96 செடிக்கு வேண்டிய 12 ஸ்ப்ரிங்க்ளருக்கு 60 தங்கத் தாது, 60 இரும்புத் தாது, குவார்ட்ஸையும் சேர்த்தால் 36 கரி. சுரங்க லிஃப்ட் ஐந்து தளத்துக்கு ஒருமுறை நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அடுத்த ஐந்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவது நல்லது. அதுவரை முக்கால் நாள் கழனியிலேயே கழிந்த ஆட்டம், இந்தப் பன்னிரண்டையும் ஊன்றிய மறுநாள் காலை தலைகீழாகிறது. கதவைத் திறந்தால் மண் ஏற்கெனவே ஈரம். கடிகாரம் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, துரத்துவது மட்டும் நின்றுவிடுகிறது.

மீன்பிடிப்பை இந்த அளவுக்கு முரட்டுத்தனமாக ஏன் வைத்தார்களோ. தூண்டிலில் மீன் சிக்கியதும் செங்குத்தாக ஒரு பட்டை தோன்றும். பட்டனை அழுத்தினால் பச்சைக் கட்டை மேலே போகும், விட்டால் விழும். மீன் சின்னத்தைக் கட்டைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் கட்டை மேலே மோதும், விட்டால் தரையில் பந்துபோல் துள்ளும், இரண்டுக்கும் நடுவில் மீன் போய்விடும். படபடவென்று சின்னச் சின்னதாகத் தட்டுவதுதான் கட்டையை அந்தரத்தில் நிறுத்தும் வழி. அதுவும் கைவராவிட்டால் மீனவர் வில்லியின் கடையில் 25 ஜிக்குப் பயிற்சித் தூண்டில் இருக்கிறது. எளிய மீன்தான் மாட்டும், ஆனால் பச்சைக் கட்டை பெரிது. கௌரவம் பார்க்காமல் வாங்கலாம்.

கடை நேரங்களைப் பற்றி ஒரு புலம்பல். விதைக்கடைக்காரர் பியருக்குப் புதன்கிழமை விடுமுறை. தச்சு வேலைக்கு ராபினைத் தேடிச் செவ்வாயன்று மலையேறினால், அம்மணி பியர் வீட்டில் மற்ற பெண்களோடு உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார். கால்நடை விற்கும் மார்னி திங்கள், செவ்வாய் கல்லாவில் இருப்பதில்லை. மற்ற நாளிலும் கடை திறந்திருக்க, கல்லாவுக்கு இரண்டடி தள்ளிச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பார்; வைக்கோல் கேட்டால் தரமாட்டார். கோழி வாங்குவதற்கு முன்பே வைக்கோல் கிடங்கு கட்டச் சொல்வது இதனால்தான். 100 ஜி, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி கொடுத்தால் 240 கட்டு பிடிக்கும். கிடங்கு இருந்தால்தான் அரிவாளால் அறுத்த புல் வைக்கோலாகச் சேரும். இல்லாவிட்டால் அறுத்தது போனதுதான். குளிர்காலத்தில் புல் முளைக்காது.

பாழடைந்த சமூகக் கூடத்தைச் சீரமைக்கும் மூட்டைகள்தான் கதையின் முதுகெலும்பு. கேட்ட காய், கனி, மீன், காசு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தால் பஸ் ஓடும், கண்ணாடிக் குடில் கிடைக்கும். எது கிடைத்தாலும் ஒன்றை விற்காமல் 50 மரத்தில் செய்யும் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். அப்படிச் செய்தாலும் முதல் ஆண்டில் எல்லோரையும் மறிப்பது சிவப்பு முட்டைக்கோஸ். சாயமூட்டைக்கு ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதன் விதையைப் பியர் இரண்டாம் ஆண்டு கோடையில்தான் விற்பார். வெள்ளி, ஞாயிறு காட்டுப்பக்கம் வரும் நடமாடும் வண்டியில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். புது ஆட்டம் தொடங்கும்போது மேம்பட்ட அமைப்புகளில் ‘முதல் ஆண்டிலேயே முடிக்கலாம்’ என்ற தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வண்டியில் எப்படியும் வந்துவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஊர் மனிதர்கள் நன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள். குடியில் மூழ்கிக் கிடக்கும் ஷேன், கூடாரத்தில் தனியே வாழும் லைனஸ், போரிலிருந்து இரண்டாம் ஆண்டில் திரும்பிவரும் கென்ட் எல்லோருக்கும் இனிப்பில்லாத ஒரு மூலை உண்டு. வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். பிறந்தநாளில் கொடுத்தால் எட்டு மடங்கு பலன். ஷேனுக்கும் ஊர்த் தலைவர் லூயிஸுக்கும் மிளகாய் என்றால் உயிர். கோடையில் 40 ஜி விதை, ஒருமுறை நட்டால் மூன்று நாளுக்கு ஒருமுறை காய்க்கும். சக்கர நாற்காலியில் சிடுசிடுக்கும் ஜார்ஜுக்கு வசந்தத்தில் இலவசமாக முளைக்கும் லீக் பூண்டு. குறை என்னவென்றால் நெருங்க நெருங்க வசனம் தீர்ந்துபோகிறது. கல்யாணம் ஆன பிறகு துணைவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

நெல் நடும் ஆசை நம்மவர்களுக்கு வராமல் போகாது. நாற்று 40 ஜி. நீர்நிலைக்கு மூன்று கட்டத்துக்குள் நட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம், எட்டு நாள் பயிர் ஆறு நாளில் வந்துவிடும். இவ்வளவு அழகாக யோசித்துவிட்டு நெல்லுக்கு 30 ஜி விலை வைத்திருக்கிறார்கள். ஆலையில் குத்தி அரிசியாக்கினால் 100. ஆலை கட்ட ராபினுக்கு 2,500 ஜியோடு 50 கல், 150 மரம், 4 துணி தர வேண்டும். அந்தத் துணிதான் ஆரம்பத்தில் அகப்படாது.

பணம் கொழிப்பது ஒயினில்தான். பழங்காலப் பழச்செடி 28 நாளில் காய்த்துப் பிறகு வாரம் ஒருமுறை பழம் தரும். பீப்பாயில் ஒயின் ஆகவும் ஏறக்குறைய ஒரு வாரம். கண்ணாடிக் குடிலில் 100 செடி, வெளியே 100 பீப்பாய் என்றால் வாரத்துக்கு 1,65,000 ஜி. விவசாயத் திறனில் கைவினைஞர் தொழிலைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் 40 சதவீதம் கூடும். பீப்பாய்க்கு வேண்டிய ஓக் பிசின்தான் இழுத்தடிக்கும், அதனால் முதல் ஆண்டிலேயே ஓக் மரங்களில் பிசின் குழாய் மாட்டிவிடுங்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வந்தபின் பார்த்தால் எதிரே இருப்பது தோட்டம் அல்ல, சாராய ஆலை. வாரம் ஒருமுறை 100 பீப்பாயைத் தட்டித் திறந்து 100 பழம் போடுவதுதான் வேலை. 35 ஜி பார்ஸ்னிப்புக்கு இருந்த மகிழ்ச்சி அங்கே இல்லை. அவசரப்படாமல் கலப்புத் தோட்டமாகவே ஓட்டுகிறவர்களுக்கு இந்த கேம் நெடுநாள் தாங்கும்.

மொபைலில் விலை குறைவு. தொட்ட இடத்துக்கு ஆளே நடந்துபோய் வேலை செய்யும் வசதி வயலுக்கு அருமை, சுரங்கச் சண்டைக்குச் சிரமம். மீன்பிடிக்கக் கணினியும் கன்ட்ரோலரும்தான் சரி. அதிகாரபூர்வமான 12 மொழிகளில் தமிழ் இல்லை. கணினிப் பதிப்பில் நாயகர் படுத்துத் தூங்கினால்தான் ஆட்டம் சேமிப்பு ஆகும். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும், நண்பர்களோடு ஆடும்போது நிற்காது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால், எதற்காக இத்தனை கல் சேர்த்தோம், யாருக்கு எதைக் கொடுப்பதாக இருந்தோம் என்று ஒன்றும் நினைவிருக்காது. 1.6இல் நாமே எழுதி நட்டுவைக்கும் பலகை வந்திருக்கிறது. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒன்றை ஊன்றி, கேமை மூடுவதற்கு முன் “நாளை புதன், விதைக்கடை கிடையாது” என்பதுபோல் ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கவும்.