கான் அகாடமியின் கணிதப் பயிற்சிகள்: தவறான விடைக்குப் பிறகு என்ன நடக்கிறது?

கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தைப் பற்றிப் பேசினால் பெரும்பாலானோர் அதன் காணொளிகளைத்தான் குறிப்பிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கோ அக்காணொளிகளைவிட அவற்றை அடுத்து வரும் பயிற்சிகளே முக்கியமாகப் படுகின்றன. "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளையிடம் அந்த முடிவை மாற்றும் வேலையை, இந்த இலவசத் தளத்தில் பயிற்சிகள்தான் செய்கின்றன.

இதன் தொடக்கமே அப்படிப்பட்ட ஒரு முடிவை எதிர்த்து எழுந்ததுதான். பின்னாளில் இத்தளத்தை நிறுவிய, அமெரிக்காவில் வாழ்ந்த சல்மான் கான், 2004-இல் தம் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைவிலிருந்து பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். ஒரு தேர்வில் அலகு மாற்றக் கணக்குகள் சரியாக வராததால் பள்ளி அவளை மெதுவாகக் கற்போர் பிரிவில் சேர்த்திருந்தது. விடுபட்ட அந்த ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டதும் அவள் தடையின்றி முன்னேறினாள். 2008-இல் இலாப நோக்கமற்ற நிறுவனமாக உருவான கான் அகாடமி, ஒரு நாள் தேர்வு ஒரு பிள்ளையின் திறனுக்கு இறுதித் தீர்ப்பாகக் கூடாது என்ற அந்தப் பாடத்தை இன்றுவரை தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பயிற்சியிலும் சில கேள்விகளே இருக்கும். விடை தவறினால் சிவப்புப் பெருக்கல் குறியும் பூஜ்யமும் திரையில் வந்து நிற்பதில்லை. இன்னும் சரியாகவில்லை, மீண்டும் முயன்று பாருங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வரும். குறிப்புகளைக் கேட்டால் தீர்வு ஒவ்வொரு படியாகத் திறக்கும். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்தால் 'தேர்ச்சி' நிலையும், எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் அதற்குக் கீழான 'அறிமுகம்' நிலையும், அதற்கும் குறைந்தால் 'முயன்றது' என்ற நிலையும் பதிவாகும். அதே பயிற்சியை மறுநாள் புதிய எண்களுடன் திரும்பச் செய்து நிலையை உயர்த்திக்கொள்ளலாம். அப்போது முந்தைய குறைந்த மதிப்பெண் கணக்கில் வராது. மிக உயர்ந்த நிலையை ஒரே பயிற்சியால் எட்டிவிட முடியாது. பின்னர் வரும் அலகுத் தேர்விலும் அதே திறனைக் காட்ட வேண்டும்.

திறனுக்குத் தீர்ப்பு எழுதாமல் மீண்டும் முயலச் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு ஆய்வின் துணையும் உண்டு. உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அவர்களுடைய அறிவுக்காகவும் வேறு சிலரை அவர்களுடைய உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறியபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களே விரைவில் ஆர்வம் இழந்தார்கள். அதன்பின் வந்த எளிய புதிர்களிலும் பின்தங்கினார்கள். எங்கள் வகுப்புகளில் "கெட்டிக்காரன்" என்று பெயரெடுத்த பிள்ளை புதிய வகைக் கணக்கைத் தொடவே தயங்குவதை நான் பலமுறை கண்டிருப்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆனால் தளம் தன் நோக்கத்துக்குத் தானே குறுக்கே நிற்கும் இடங்களும் உண்டு. ஒரு குறிப்பைத் திறந்தாலே அந்தக் கேள்வி தவறியதாகக் கணக்கிடப்படுகிறது. உதவி கேட்பது கற்றலின் ஒரு பகுதி என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நிலை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் பிள்ளைகள் குறிப்பைத் தொடாமல் ஊகத்தில் விடையைத் தட்டுகிறார்கள். செயல்பாட்டுக்கு வழங்கப்படும் புள்ளிகளும் பதக்கங்களும், ஏற்கெனவே நன்கு தெரிந்த எளிய பயிற்சிகளையே மீண்டும் செய்யும் பழக்கத்தைச் சிலருக்கு ஏற்படுத்துகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தளம் விடையை மட்டுமே பார்க்கிறது என்பதுதான். எதிர்க்குறியை விட்டதால் தவறியவரையும் கருத்தே புரியாமல் தவறியவரையும் அது ஒரே நிலையில் வைக்கிறது. தவறிலிருந்து கற்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தவறு எந்த வரியில் நேர்ந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு நோட்டுப் புத்தகமும் அதைப் பொறுமையாகப் படிக்கும் ஆசிரியரும் வேண்டும்.

நம் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கான பகுதிகள், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்களின் வரிசையில் அமைந்துள்ளன. நம் ஒன்பதாம் வகுப்பு நூலில் உள்ள கண மொழிக்கும் முக்கோணவியலுக்கும் அங்கே மேல் வகுப்புகளில்தான் தேட வேண்டியிருக்கும். வகுப்பின் பெயரைப் பார்க்காமல் பாடத்தலைப்பைத் தேடுவது நல்லது. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கும் தமிழ்வழி மாணவருக்கு அருகில் ஒருவர் அமர்ந்து கேள்வியை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழிச் சிக்கலையும் அவர் தம் கணிதக் குறையென்றே எடுத்துக்கொள்வார்.

ஆசிரியர்களுக்கான பகுதி உண்மையிலேயே பயனுள்ளது. அதற்கும் கட்டணம் இல்லை. எந்தத் திறனில் யார் நிற்கிறார் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி ஒதுக்கலாம். இந்தப் பட்டியலை வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி திரையிட வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் அது இன்னொரு ரேங்க் பட்டியலாகிவிடும்.

என் பரிந்துரை இது: ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள, அடிப்படையில் எங்கோ ஒரு கண்ணி விடுபட்ட மாணவருக்கு, இரண்டு வகுப்புகள் கீழே உள்ள பாடத்திலிருந்து இதைத் தொடங்கலாம். வாரத்தில் சில நாள்கள் அரைமணி நேரம் போதும். ஒவ்வொரு கணக்கையும் தாளில் செய்துவிட்டுத்தான் விடையைத் தட்ட வேண்டும். தவறிய கணக்குகளின் தாள்களைக் கிழித்தெறியாமல் ஆசிரியரிடம் கொண்டுவர வேண்டும். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருக்கும் மாணவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குப் பாடநூலும் பழைய வினாத்தாள்களுமே உதவும்.