கைக்காம்பஸா, காம்பஸ் வைத்த பைனாகுலரா?

சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளைச் சுற்றிப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வரும். நான் உள்ளங்கையில் அடங்கும், ரப்பர் வளையம் போட்ட கைக்காம்பஸைத்தான் வாங்கினேன்.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இது முக்கியமாக மோதலைத் தவிர்க்க. தூரத்துக் கப்பலின் பேரிங்கை, அதாவது அது எந்தத் திசையில் இருக்கிறது என்று காம்பஸ் காட்டும் டிகிரி எண்ணை, சில நிமிட இடைவெளியில் எடுத்துப் பார்ப்பேன். கப்பல் நெருங்கிக்கொண்டே வந்தும் எண் மாறவில்லை என்றால் ஆபத்து. 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 7ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. மிகப் பெரிய கப்பலோ, பார்ஜ் எனும் சரக்கு மிதவையை இழுத்து வரும் டக் படகோ என்றால் எண் மாறினாலும் ஆபத்து இருக்கலாம் என்றும் அதே விதி எச்சரிக்கிறது. சிங்கப்பூர் நீரிணையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

போனில் உள்ள காம்பஸ் ஆப்பை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உறையில் ஒரு காந்தம் இருந்தாலே அளவு கெட்டுவிடும்.

காம்பஸ் வைத்த 7x50 (ஏழு மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரின் பலம் தெளிவு. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தைப் பெரிதாகப் பார்த்துக்கொண்டே எண்ணையும் படிக்கலாம். ஆனால் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, படகு ஆடும்போது பிம்பமும் சேர்ந்து ஆடும். கைக்காம்பஸுக்கு ஒரு கை போதும், இன்னொரு கையால் படகைப் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பைனாகுலர் காம்பஸின் விளக்குக்குப் பெரும்பாலும் பேட்டரி வேண்டும், அதன் மூடியில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கைக்காம்பஸ் தானே ஒளிரும் வகை. இருட்டியதும் டார்ச்சைச் சில நொடி காட்டினால் எண் தெரியும். இரண்டிலும் காம்பஸுக்குள் திரவம்தான், நாளடைவில் குமிழி விழலாம். கைக்காம்பஸில் விழுந்தால் அதை மட்டும் மாற்றினால் சரி. பைனாகுலரில் விழுந்தால் முழுக் கருவியையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், அதுவரை தூரம் பார்க்கவும் வழியில்லை. கைக்காம்பஸை நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் வைப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது.

எதை வாங்கினாலும் இஞ்சின், ஸ்பீக்கர், இரும்பு பிரேம் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றிலிருந்து தள்ளியே பார்க்க வேண்டும். இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் தெரியும்போது பேரிங் எடுத்து, வரைபடத்தில் அந்தக் கோட்டின் திசையோடு ஒப்பிட்டு, படகில் எந்த இடத்தில் நின்றால் அளவு சரியாக வருகிறது என்று முதலிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். இங்கே காம்பஸ் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தின் உண்மை வடக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை, அதனால் இந்தச் சோதனை சுலபம்.

என் பழக்கமெல்லாம் ஃபைபர் படகில்தான். இரும்புப் படகு வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகே கைக்காம்பஸை நம்ப வேண்டும். கையில் பணம் மிஞ்சினால் காம்பஸ் இல்லாத சாதாரண 7x50 ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.